ஜாபா பழைய இதழ்கள்: காசில்லாமல் கிடைக்கும் 45 ஆண்டுகள்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போகலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஏபிஏ, அதாவது நடத்தைப் பகுப்பாய்வு தெரபி கொடுக்கும் பெற்றோர், அந்தத் துறையின் ஆராய்ச்சியைப் பின்தொடர மாதச் சந்தா கட்டத் தேவையில்லை. ஜாபா என்ற இதழின் 1968 முதல் 2012 வரையான கட்டுரைகள் பப்மெட் சென்ட்ரலில் முழுதாக, இலவசமாகக் கிடக்கின்றன. 2012க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அங்கே இல்லை என்பதுதான் பெரிய குறை. அதைச் சமாளிக்க வழி இருக்கிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

நான் தெரபிஸ்ட் இல்லை. சிங்கப்பூரில், லோயாங் பக்கம் விமானப் பராமரிப்பில் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. மகனுக்கு ஒன்பது வயது. சிறப்புப் பள்ளியில் படிக்கிறான், அது போக ஒரு தனியார் நிலையத்தில் தெரபி. மணிக்கு நூறு வெள்ளிக்கு மேல் போகிறது. எங்கள் வேலையில் கையேட்டின் திருத்த எண்ணைச் சரிபார்க்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது. நேற்று வரை சரியாக இருந்த பக்கம் இன்று காலை மாறியிருக்கலாம். அந்தப் பழக்கத்தில்தான் முன்பு போய்க்கொண்டிருந்த நிலையத்தில், "இந்தத் திட்டம் எந்த ஆய்வை வைத்துப் போட்டது? எந்த வருஷத்து ஆய்வு?" என்று கேட்டேன். "எவிடன்ஸ் பேஸ்டு" என்று பதில் வந்தது. எந்த எவிடன்ஸ் என்று கேட்டதற்குப் புன்னகை மட்டும் வந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கியதுதான் இது.

ஜாபா என்பது 'ஜர்னல் ஆஃப் அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸ்' என்பதன் சுருக்கம். 1968இல் தொடங்கியது, ஆண்டுக்கு நான்கு இதழ்கள். டொனால்ட் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை முதல் இதழிலேயே இருக்கிறது. ஏபிஏ என்று சொல்லிக்கொள்ளும் வேலை எப்படி இருக்க வேண்டும் என்று ஏழு குணங்களை வகுத்தது அதுதான். அவற்றில் ஒன்று, செய்முறையை இன்னொருவர் படித்து அப்படியே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதிவைப்பது. இது எனக்கு உடனே பிடித்துவிட்டது. "பாசிட்டிவாக ஊக்கப்படுத்தவும்" என்று மட்டும் எழுதியிருக்கும் வீட்டுத் திட்டம் இந்தச் சோதனையில் தேறாது.

பப்மெட் சென்ட்ரல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசக் களஞ்சியம். கணக்குத் திறக்க வேண்டாம், கடன் அட்டை வேண்டாம். பழைய இதழ்கள் எல்லாம் அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்தவை. ஃபோனில் படித்தால் கண் போய்விடும். தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் பெரிய திரையில் படிக்கிறேன். வரைபடங்கள் முக்கியமான கட்டுரை என்றால் அச்செடுத்துக்கொள்கிறேன்.

வரைபடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, "அண்ணே, இதெல்லாம் படிக்க டிகிரி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே பிள்ளையை அல்லது மூன்று நான்கு பேரைத் திரும்பத் திரும்ப அளப்பவை. முதலில் எதுவும் செய்யாமல் சில நாள் எண்ணுகிறார்கள். பிறகு சிகிச்சையைத் தொடங்கி எண்ணுகிறார்கள். அப்புறம் நிறுத்திப் பார்க்கிறார்கள், மறுபடி தொடங்குகிறார்கள். கோடு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினால் அந்த மாற்றத்துக்குச் சிகிச்சைதான் காரணம் என்று நம்ப இடமிருக்கிறது. புள்ளியியல் சூத்திரம் பெரும்பாலும் இல்லை. படத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கட்டுரை முடிந்தது.

அப்படிப் பார்த்ததில் எங்கள் வீட்டுக்கு மிகவும் உதவியது கார், டுராண்ட் இருவரும் 1985இல் எழுதிய கட்டுரை. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகள். சிலர் பெரியவர்கள் கவனிக்காதபோது அடம்பிடிக்கிறார்கள், சிலர் பாடம் கடினமானால் அடம்பிடிக்கிறார்கள். முதல் வகைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும், இரண்டாம் வகைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். அடம் குறைந்தது. ஆனால் கட்டுரையின் உயிர் அடுத்த பகுதியில் இருக்கிறது. பிள்ளையின் காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது பலனில்லை. அதாவது, பேசக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது; எதற்காக அப்படிச் செய்கிறான் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். என் மகன் கணக்குப் புத்தகத்தைக் கண்டால் பென்சில் பெட்டியை வீசுவான். "கவனத்துக்காகச் செய்கிறான், கண்டுகொள்ளாதீர்கள்" என்று முன்பு எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கண்டுகொள்ளாமல் இருந்தால் அவனுக்குக் கணக்கும் போடாமல் போனது, லாபம்தானே!

இப்போதைய தெரபிஸ்ட் சீனப் பெண், சிறு வயது. கட்டுரையை நீட்டியபோது முகம் சுளிக்காமல் வாங்கிப் படித்தார். என்ன மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று அவரே கேட்டார். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் மாமியாரோடு தமிழ். வீட்டில் "புரியல", பள்ளியில் அதற்கான ஆங்கிலம் என்று முடிவானது. தன் குறிப்பேட்டில் "புரியல" என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து, சொல்லிப் பழகி, என் மாமியாரிடம் ஒப்பித்துக் காட்டினார்.

இந்த மொழி விஷயத்தில் நம்மவர்கள் நிறையப் பேர் தவிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று போகிறேன். "இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரை இங்கே இன்னும் உலவுகிறது. ஹாம்பிளி, ஃபோம்போன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் இருப்பதாகக் காணவில்லை. 2011இல் லேங்கும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பானிய மொழியில் பாடம் நடத்தியபோது சரியான பதில்கள் கூடின, அடம் குறைந்தது. ஒரே ஒரு பிள்ளை, அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் பாட்டியின் வாயை மூடச் சொல்பவரிடம் பதிலுக்குக் காட்ட அது போதும். இவை இரண்டும் ஜாபாவில் வந்தவை அல்ல. ஒரே கடையில் எல்லாச் சாமானும் கிடைக்காது.

இனி குறைகள். முதல் இதழைத் திறப்பவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஏழு குணங்களை வகுத்த அதே ரிஸ்லி, அதே இதழில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமியைத் தண்டித்துப் பார்த்த ஆய்வையும் வெளியிட்டிருக்கிறார். அதில் மின் அதிர்ச்சி உண்டு. பழைய தலைப்புகளில் பிள்ளைகளைக் குறிக்கும் சொற்களை இன்று வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் ஏபிஏ மீது கோபமாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் இந்தப் பக்கங்களில் அச்சாகியே இருக்கிறது. அதை மறைக்காமல் வைத்திருப்பதை நான் களஞ்சியத்தின் நிறையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஜாபாவிலேயே 1978இல் வுல்ஃப் எழுதியதையும் படியுங்கள். குறிக்கோள் வேண்டியதுதானா, வழிமுறை ஏற்கத்தக்கதா, பலனில் சம்பந்தப்பட்டவர்களுக்குத் திருப்தியா என்று மூன்று கேள்விகள் வைக்கிறார். நிலையத்தில் அடுத்த ஆறு மாதத் திட்டம் பேசும்போது நான் இந்த மூன்றையும் கேட்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது என்ற குறிக்கோள் முதல் கேள்வியிலேயே எங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டது.

சிரிக்கவும் இடம் உண்டு. 1974இல் டென்னிஸ் அப்பர் என்பவர், எழுத வராமல் திணறும் தன் பிரச்சினைக்குத் தானே சிகிச்சை செய்து தோற்றது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே வெற்றுப் பக்கம். அவ்வளவுதான் கட்டுரை. அதையும் ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சரி, பழசை வைத்துக்கொண்டு புதியதை எப்படிப் பிடிப்பது? ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதற்குப் பின்னால் வந்தவர்களைத் துரத்த வேண்டும். ஒரு நடத்தைக்கான காரணத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐவாட்டாவும் உடனிருந்தவர்களும் ஒன்பது பேரை வைத்துச் செய்த மூல ஆய்வு 1982இல் வேறோர் இதழில் வந்தது. 1994இல் ஜாபா அதை மறுபதிப்பு செய்தது. 2003இல் ஹேன்லி, ஐவாட்டா, மெக்கோர்ட் மூவரும் அதுவரை வந்த 277 ஆய்வுகளை அலசி எழுதினார்கள். இரண்டும் இலவசம். 2014இல் ஹேன்லி குழு, முதலில் பெற்றோரிடம் விரிவாகப் பேசி அதன்படி சோதனையை அமைக்கும் முறையை அதே ஜாபாவில் வெளியிட்டது. அது 2012 கோட்டைத் தாண்டிவிட்டது, களஞ்சியத்தில் இல்லை. பெற்றோரைக் கேட்டுத் தொடங்குவதுதான் நமக்கு அதிகம் வேண்டியது, அது பூட்டுக்குள் இருக்கிறது என்பது எரிச்சல்தான்.

பூட்டைத் திறக்க நேர்மையான வழிகள் உண்டு. கூகல் ஸ்காலரில் கட்டுரையின் பெயரைப் போட்டு எல்லாப் பதிப்புகளையும் பாருங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் ஆசிரியரே ஒரு பிரதியை வைத்திருக்கலாம். இல்லாவிட்டால் அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பெற்றோர் என்று சொன்னால் இன்னும் நல்லது, நான் கேட்டவர்களில் பலர் அனுப்பிவைத்தார்கள். ஸ்காலரில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவை என்ற இணைப்பைத் தட்டினால் பின்னால் வந்த அத்தனையும் வரிசையாக நிற்கும்.

பப்மெட்டில் இதழின் பெயரைத் தேடி, 'கிரியேட் அலர்ட்' அழுத்திவிட்டால் புதிதாகச் சேர்வதெல்லாம் மின்னஞ்சலுக்கு வரும். இதற்கு மட்டும் ஓர் இலவசக் கணக்கு வேண்டும். வாரம் ஒரு முறை என்று வையுங்கள். தினம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் திறக்காமலே அழிக்கத் தொடங்கிவிடுவீர்கள். சுருக்கத்தைப் படித்து, நம் பிள்ளைக்குச் சம்பந்தமில்லாததைத் தள்ளிவிடலாம். இந்தப் பழக்கத்தைப் பற்றியே கார், பிரிக்ஸ் இருவரும் 2010இல் 'பிஹேவியர் அனாலிசிஸ் இன் பிராக்டிஸ்' இதழில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கார் வேறு, 1985 கார் வேறு. தேடுவது, கையில் கிடைக்கச் செய்வது, விடாமல் தொடர்வது என்று மூன்று தடைகளையும் பிரித்து வழி சொல்கிறார்கள். தெரபிஸ்டுகளுக்காக எழுதியது, நமக்கும் பொருந்துகிறது, அதுவும் பப்மெட் சென்ட்ரலில் இலவசம்.

ஜாபாவை மட்டும் படித்தால் எல்லாச் சிகிச்சையும் எப்போதும் பலிக்கும் என்று தோன்றும். தோற்ற ஆய்வுகள் அச்சேறுவது அபூர்வம். அப்பரின் வெற்றுப் பக்கம் விதிவிலக்கு! அதற்கு மாற்று மருந்தாக 2023இல் 'பிஎம்ஜே' என்ற மருத்துவ இதழில் சாண்ட்பேங்க் குழு வெளியிட்ட தொகுப்பாய்வைப் படியுங்கள். 252 ஆய்வுகள், 13,304 பேர். ஏபிஏ மட்டுமல்லாமல் சிறு வயதுச் சிகிச்சைகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆதாரத்தின் தரம் எங்கே குறைகிறது என்றும், பாதகமான விளைவுகளைச் சரியாகக் கண்காணிப்பதில்லை என்றும் சொல்கிறது. படித்த இரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் தெரபியை நிறுத்தவில்லை. எதை அளக்கிறோம் என்பதை மாற்றினோம்.

கட்டணச் சேவை ஒன்றையும் சில காலம் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். மாதா மாதம் பத்து ஆய்வுகளை அழகாகச் சுருக்கி அனுப்புவார்கள். எத்தனை பிள்ளைகள் என்று இருக்காது, வரைபடம் இருக்காது, "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" மட்டும் தவறாமல் இருக்கும். வரைபடம் இல்லாமல் இந்தத் துறையின் ஆய்வைச் சொல்வது எனக்கு உதவவில்லை. ரத்து செய்துவிட்டேன்.

சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இன்னொன்று. ஏபிஏ நிபுணர்களுக்கு பிசிபிஏ என்ற சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியம் 2023 முதல் இங்கிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஏற்கெனவே பெற்றவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 32 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்கிறார்கள். இனி வரும் இளைஞர்கள் வேறு சான்றிதழ்களோடு வருவார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைவிட, "கடைசியாக என்ன படித்தீர்கள்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத்தான் நான் இப்போது பார்க்கிறேன். மரியாதையாகக் கேளுங்கள், அவர்களுக்கும் படிக்க நேரம் கிடைப்பதில்லை.

குறைத்த ஒரு நட்சத்திரம் 2012 கோட்டுக்கும் கண்ணைக் கெடுக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்து. தொடங்குபவர்கள் 1968இலிருந்து வரிசையாகப் படிக்க முயல வேண்டாம். 1985 கார், டுராண்டில் தொடங்குங்கள், அடுத்து 1978 வுல்ஃப், அதற்குள் அலர்ட் வரத் தொடங்கியிருக்கும். தெம்பனிஸ் பக்கம் இருப்பவர்கள் சேர்ந்து படிக்க வருவதானால் சொல்லுங்கள். ஞாயிறு மாலை எனக்குத் தோதுப்படும், நைட் ஷிஃப்ட் இல்லாத வாரமாக இருந்தால்.