கார்ட்ரிட்ஜா, அப்பா காலத்து ரேசரா?

கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஐந்தாறு வருடமாக அந்தப் பழியை வெயில், வியர்வை, சோப்பு என்று ஒவ்வொன்றின் தலையிலும் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் முடி வெட்ட உட்கார்ந்தபோது கடைக்காரர் கழுத்தைப் பார்த்துவிட்டு, "சார், வீட்ல பிளேடு எப்ப மாத்துனீங்க?" என்றார். தீபாவளிக்கு முன்பு என்று மட்டும் ஞாபகம். அப்போது பொங்கல் முடிந்திருந்தது.

அதுவரை என்னிடம் இருந்தது மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர், அதாவது பிளேடுகள் பதித்த தலையையே மொத்தமாகக் கழற்றி மாற்றும் வகை. அதன் பிறகு, திருகிக் கழற்றி ஒற்றை பிளேடு போடும் பழைய பாணி சேஃப்டி ரேசர் வாங்கினேன். ஒன்றரை வருடம் ஆகிறது. இனி மாறமாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எந்த ரேசருக்கும் பொதுவான தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: வறண்ட முகத்தில் மழிப்பது, நுரை தடவியதும் ஊற விடாமல் கத்தியை வைப்பது, முதல் இழுப்பே முடி வளரும் போக்குக்கு எதிராக இழுப்பது. குளித்துவிட்டு வந்து மழித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வேகத்தில் கார்ட்ரிட்ஜுக்குத்தான் வெற்றி. தலை தானாக வளைந்து தாடையோடு போகும், அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். அதனாலேயே அழுத்தும் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது. அதே கையோடு பழைய ரேசருக்கு வந்தேன். முதல் வாரம் மூன்று இடத்தில் வெட்டு, படிகாரக் கல்லோடுதான் குடித்தனம். சுமார் முப்பது டிகிரி சாய்வில் பிடித்து, ரேசரின் எடையையே வேலை செய்ய விட வேண்டும் என்பது பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது பத்து நிமிடம் ஆகிறது. முன்பு ஐந்து.

ஆனால் என்னை மாற்றியது வேறு விஷயம்: பிளேடை மாற்ற மனசு வருகிறதா, இல்லையா?

பிளேடின் எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மென்மையானது, அது எப்படிப் பிளேடை மழுங்கடிக்கும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்து 2020-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பிளேடு மெல்ல மெல்லத் தேய்வது மட்டுமல்ல. முடி வளைந்து சாய்வாக மோதும்போது விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. மழுங்கிய விளிம்பு முடியை வெட்டாமல் இழுக்கும். நாம் இன்னும் அழுத்துவோம், தோல் சிவக்கும். ஐந்திலிருந்து ஏழு முறைக்குள் மாற்றிவிடுங்கள் என்பது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

சரி, கணக்குப் போடுவோம். ஒருநாள் விட்டு ஒருநாள் மழித்தால் மாதம் பதினைந்து முறை. கார்ட்ரிட்ஜ் என்றால் இரண்டு மூன்று. ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டுகிறது. மாதம் முந்நூறு ரூபாயை யார் சவரத்துக்கு எடுத்து வைப்பார்கள்? "இன்னும் இரண்டு தடவை ஓட்டலாம்" என்றுதான் தோன்றும். எனக்கு அப்படி மூன்று மாதம் ஓடியது. இதைச் சோம்பேறித்தனம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், விலை செய்கிற வேலை. சேஃப்டி ரேசர் பிளேடு ஐந்து ரூபாய்க்குள் அடங்கும். ஞாயிறு தவறாமல் புதுசு போடுகிறேன், கை நடுங்குவதில்லை.

பிளேடைத் தேய்த்துத் தீட்டாமல் தூக்கி எறிவதுதானே ஜில்லெட் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனை. 1903-ல், முதல் வருடம், 51 ரேசரும் 168 பிளேடும்தான் விற்றன. அப்புறம் 1971-ல் இரட்டை பிளேடு, 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து என்று ஏற ஏற, தூக்கி எறியத் தயங்கும் பொருளாக அது மாறிவிட்டது.

பிளேடு கூடினால் இன்னொரு சிக்கலும் உண்டு. முன் பிளேடு முடியைத் தூக்கிப் பிடிக்க, பின்னால் வருவது அதைத் தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. தடவிப் பார்த்தால் மொழுமொழு. ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும். என் கழுத்துப் புள்ளிகளில் பாதியாவது இந்த வகை என்று நினைக்கிறேன். முழுக்கப் போகவில்லை, நன்றாகக் குறைந்திருக்கிறது.

கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. 2010-ல் இந்தியாவுக்கென்றே வந்த ஒற்றை பிளேடு ஜில்லெட் கார்ட் (Guard), அப்போது ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய். கல்லூரிக்குப் போகும் அக்கா மகனுக்கு அந்த மாதிரி ஒன்றைத்தான் வாங்கித் தந்தேன். முதன்முதலாக மழிக்கிறவன் கையில் சேஃப்டி ரேசரைக் கொடுக்கத் துணிவில்லை.

மின்சார ஷேவரை மச்சானிடம் கடன் வாங்கி இரண்டே வாரம் பார்த்தேன், அதனால் என் பேச்சுக்கு அந்த மதிப்புதான். எரிச்சல் இல்லை, மழுமழுப்பும் இல்லை. கொப்புளத் தொல்லை அதிகமானால் டிரிம்மரால் சற்று முடி விட்டு வெட்டச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம்.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள், அள்ளுபவரின் கை கிழியும். நான் ஒரு பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் தள்ளிவிடுகிறேன். விமானத்தில் கைப்பையில் இந்த பிளேடை விடமாட்டார்கள். அந்தப் பயணங்களுக்கு மட்டும் பழைய கார்ட்ரிட்ஜ் ரேசரை எடுத்துக்கொள்கிறேன்.