ஆன்ட்ரிம் கடலோரத்தில் ஒரு நாள் நடை: வழிகாட்டிச் சேவைக்குக் கொடுத்த பணம் தகுமா?

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில், கேரிக்-எ-ரீட் தொங்குபாலத்தில் தொடங்கி ஜயன்ட்ஸ் காஸ்வே கற்றூண்களில் முடியும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் பாதையை, பெல்ஃபாஸ்டிலிருந்து இயங்கும் ஒரு சிறு வழிகாட்டிச் சேவையின் துணையுடன் நண்பர்களாகச் சேர்ந்து அக்டோபர் நடுவில் நடந்தோம். காலையில் வேனில் அழைத்துச் செல்வது, வழிகாட்டி ஒருவர் கூடவே நடப்பது, மதிய உணவு, மாலையில் மறுமுனையிலிருந்து திரும்ப ஏற்றிவருவது ஆகிய எல்லாம் கட்டணத்தில் அடக்கம். பாலத்துக்கான நுழைவுச்சீட்டு மட்டும் தனி. பாதையில் நடக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, வழியெங்கும் குறிகள் நட்டிருக்கிறார்கள் என்னும்போது வழிகாட்டி எதற்கு என்ற கேள்வி புறப்படும் முன்பே எங்களுக்குள் எழுந்தது.

அதற்கான விடை வைட் பார்க் பே என்னும் மணல் விரிகுடாவில் கிடைத்தது. பாலின்டாய் துறைமுகத்தைத் தாண்டியதும் பாதை மணலில் இறங்குவதற்கு முன்னும், விரிகுடாவின் மேற்கு முனையில் போர்ட்பிராடன் என்ற சிற்றூரை நெருங்கும்போதும், செங்குத்தான சுண்ணப்பாறையின் காலடியில் கிடக்கும் உருண்டைக் கற்களின் மீதுதான் நடந்தாக வேண்டும். கடல் ஏறியிருக்கும் வேளையில் இந்த இரண்டு இடங்களிலும் வழி அடைபட்டுவிடும். முன்பதிவின்போதே நிறுவனத்தார், கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரம் நண்பகலை ஒட்டி வரும் நாளாகத் தேர்ந்து கொடுத்தார்கள். எங்கள் தோள் உயரத்தில் பாறைமீது ஓடிய கறுத்த கோட்டையும், அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பாசியையும் வழிகாட்டி தொட்டுக் காட்டி, இன்னும் சில மணி நேரத்தில் தண்ணீர் இதுவரை வரும் என்றபோது, யாரும் வேறு விளக்கம் கேட்கவில்லை. அந்தக் கற்கள் ஈரத்தில் வழுக்குகின்றன; கைகளையும் ஊன்றித்தான் கடந்தோம். அதன்பின் வரும் மணல்வெளியோ, வெள்ளைப் பாறைகளிலிருந்து உதிர்ந்த சிக்கிமுக்கிக் கற்களும், எதையும் பொருட்படுத்தாமல் கரையில் படுத்திருந்த மாடுகளுமாக, அன்றைய நடையின் மிக இதமான பகுதியாக இருந்தது. போர்ட்பிராடனுக்கு அப்பால் பாதை ஒரு பாறையின் துளை வழியாகவே நுழைந்து வெளியேறுகிறது.

தொங்குபாலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சால்மன் மீன் பிடிப்பவர்கள் 1755இல் முதலில் அமைத்த கயிற்றுப்பாலத்தின் வழித்தோன்றல் அது. நீளம் 20 மீட்டர், கடலிலிருந்து உயரம் 30 மீட்டர். நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும், காற்று வலுத்தால் மூடிவிடுவார்கள். கடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு அந்தப் பணம் அதிகம் என்பது என் கருத்து. நண்பர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

கிழக்கிலிருந்து மேற்காக நடக்கவைத்தது சேவையின் இரண்டாவது நல்ல முடிவு. மேல்காற்று முகத்தில் அடிக்கும் என்பது உண்மைதான், அன்று பிற்பகல் தூறலும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஆனால் டன்செவரிக் கோட்டையின் இடிபாட்டைத் தாண்டிப் பாதை ஏறத் தொடங்கியதும் ஒளி எதிரிலிருந்து வருகிறது. துரு நிறமாக மாறிய பெரணிகளுக்குக் கீழே கறுத்த பசால்ட் பாறை, அதன் நடுவே செம்பூரான் கல்லின் சிவந்த பட்டை, அடியில் நுரை என்று அடுக்கடுக்காகத் தெரிகிறது. தெளிவு கிடைத்த சில நிமிடங்களில் பின்னால் ராத்லின் தீவும் அதற்கும் அப்பால் ஸ்காட்லாந்தின் கரையும் புலப்பட்டன. பாதை ஏறக்குறைய 100 மீட்டர் உயரம் வரை செல்கிறது. பல இடங்களில் கடல் பக்கம் தடுப்பு ஏதும் இல்லை. சிறு குழந்தைகளை அழைத்து வருவோர் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

வழிகாட்டியின் பேச்சில் ஏற்றத்தாழ்வு இருந்தது. பாலின்டாய் துறைமுகத்தில், அங்கே படமாக்கப்பட்ட புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரைப் பற்றியே கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார். தொடரைப் பார்க்காதவர்கள் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். ஆனால் போர்ட் நா ஸ்பானியா, அதாவது ஸ்பானியர் துறை, என்னும் குடாவின் மேல் நின்று அவர் சொன்னதைக் கேட்கவே இன்னொரு முறை வரலாம். இங்கிலாந்தின் மீது படையெடுத்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவின் கிரோனா என்ற கப்பல், ஏற்கெனவே உடைந்த கப்பல்களின் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, 1588 அக்டோபர் இறுதியில் புயலில் சிக்கி இந்தப் பாறைகளில் மோதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள், பிழைத்தவர்கள் மிகச் சிலர். 1967இல் பெல்ஜிய முக்குளிப்பாளர் ராபேர் ஸ்டெனுயி அதன் எச்சங்களைக் கண்டுபிடித்தார். மாணிக்கக் கற்கள் பதித்த பொன் பல்லி உட்பட அந்தப் பொருள்கள் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. குடாவின் பெயரை ஊர்க்காரர்கள் அப்படி வைத்திருந்தும் நூற்றாண்டுகளாக யாரும் அங்கே தேடவில்லை என்பதை அவர் கொஞ்சம் குறும்பாகவே சொன்னார்.

மதிய உணவுதான் பெருங்குறை. ஆறிப்போன ரொட்டிக்குள் ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஒரு ஆப்பிள், அவ்வளவுதான். சைவ உணவு என்று முன்பே எழுதிக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரே பொட்டலம். குளிர்காற்றில் ஐந்து ஆறு மணி நேரம் நடப்பவர்களுக்குச் சூடாக ஒரு குடுவைத் தேநீராவது கொடுத்திருக்கலாம். நீங்கள் போவதாக இருந்தால் உணவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நடையின் கடைசியில் ஷெப்பர்ட்ஸ் ஸ்டெப்ஸ் என்னும் 162 படிகளில் இறங்கினால் காஸ்வே. 40,000 அளவிலான தூண்கள், பெரும்பாலும் அறுகோணம், ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி வெடித்ததால் உருவானவை. 1986 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். பகற்கூட்டம் கலைந்த பிறகு வந்து சேர்ந்ததால் தூண்களின் மீது தாராளமாக உட்கார இடம் கிடைத்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: தூண்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, சீட்டு வாங்குவது பார்வையாளர் மையத்துக்கும் அதன் வசதிகளுக்கும் மட்டுமே.

ஓத அட்டவணையைப் பார்க்கத் தெரிந்தவர்கள், இரு முனைகளையும் இணைக்கும் பொதுப் பேருந்தைக் கொண்டு இதே நடையைச் சொற்பச் செலவில் முடித்துவிடலாம். கோடை கழிந்தபின் பேருந்துகள் குறைவதால் கடைசி வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்வது அவசியம். முதல் முறை வருபவர்களுக்கும், வேகம் ஒத்துவராத பலர் சேர்ந்த குழுவுக்கும் இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பேன். அதற்கும் அக்டோபரைத் தாண்டவிட வேண்டாம். டிசம்பரில் இங்கே பகல் ஏழு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்.