லடாக் பைக் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இந்த சீசனுக்கு லடாக் கிளம்பும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். போன ஆகஸ்டில் நாங்கள் நாலு பேர் போனோம். ஆளுக்கு 38,500 ரூபாய், பத்து நாள். மணாலியில் புல்லட், தங்கும் இடம், பெட்ரோல், அவசரத்துக்கு ஆக்சிஜன் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவர். அவர் நம்ம ஊர்க்காரர். சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்த நம்பிக்கையில் ரசீதுகூடக் கேட்காமல் முழுப் பணத்தையும் ஜிபே பண்ணினோம்.

அவர் பிளானில் முதல் நாளே மணாலியிலிருந்து சர்ச்சு. லடாக்கின் முக்கிய ஊரான லே போகிற வழியில் டென்டில் தங்கும் இடம் அது. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், சர்ச்சு 4,290. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கிற இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாமோ நூறு மீட்டர்கூட உயரமில்லாத ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். வழியில் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரியாவது தங்க வைத்திருக்க வேண்டும். அந்த ரூம் வாடகை அவருக்கு மிச்சம்.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். என் அத்தை மகன் எழுந்து உட்கார்ந்து, "மாப்ள, தலை வெடிக்குதுடா, மூச்சு உள்ள போகல" என்றான். டார்ச் அடித்துப் பார்த்தால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. இருமல் நிற்கவே இல்லை. மணாலியில் அவருடைய ஆள் கொடுத்த இரண்டு ஆக்சிஜன் டப்பாக்களை எடுத்தேன். முதலாவதை மூக்கில் வைத்து அழுத்தினேன். சத்தமே வரவில்லை. இரண்டாவது "புஸ்" என்று ஒரு நொடி, அவ்வளவுதான். கையில் தூக்கியபோதே காலி பாட்டில் கனம்தான் இருந்தது. யாரோ தீர்த்துவிட்டுப் போட்ட டப்பாவை மூடி மாட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மணாலியிலேயே ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன்.

சர்ச்சுவில் இன்னொரு ஆபத்து உண்டு. இரண்டு பக்கமும் கணவாய். மணாலிப் பக்கம் இறங்க வேண்டுமென்றாலும் முதலில் 4,890 மீட்டர் பாராலாச்சா லா ஏறித்தான் ஆக வேண்டும். அந்த இருட்டில் எங்கே போவது? டென்ட்காரர் பெரிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். விடியும்வரை அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் டாக்ஸி பிடித்துக் கேலாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது, இன்னொரு ராத்திரி மேலே இருந்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

ஒருவன் அவனுக்குத் துணையாக இருந்துகொண்டான். அவன் தேறிய பிறகு நாங்கள் இரண்டு பேர் லே போனோம். அங்கே அடுத்த இடி. மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியில் லே வரை வரலாம், திரும்பிப் போகலாம். லேயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி, கார்துங் லா கணவாய் பக்கம் ஓட்ட லே வாடகை வண்டிச் சங்கத்தார் விடமாட்டார்கள். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தில் இமாச்சல் நம்பரைப் பார்த்தாலே நிறுத்துவார்கள். சொந்தப் பெயரில் ஆர்சி உள்ள வண்டிக்கு இந்தத் தடை இல்லை. லடாக் போய்வந்த எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம், ஆறு வருஷமாக ஆள் அனுப்புகிறேன் என்பவருக்கா தெரியாது?

போன் பண்ணலாம் என்றால் எங்கள் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்கவில்லை. வெளிமாநில சிம்மில் போஸ்ட்பெய்டு மட்டும்தான் வேலை செய்யும். அதையும் அவர் சொல்லவில்லை. ஹோட்டல்காரர் போனிலிருந்து கூப்பிட்டால், "பேக்கேஜ் லே வரைக்கும்தான் தம்பி, மத்தது நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அவர் அனுப்பிய நோட்டீஸில் கார்துங் லா படம்தான் பெரிதாக இருக்கிறது! நாளுக்கு 2,000 கொடுத்து அங்கேயே வேறு வண்டி எடுத்தோம்.

ஊர் திரும்பி நேரில் போய்க் கேட்டதற்கு, "நல்லபடியா வந்து சேந்துட்டீங்கள்ல" என்று சொல்லி ஆளுக்கு 3,000 நீட்டினார். வாங்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் நோட்டீஸும் கைவசம் இருக்கின்றன. அந்த இரண்டு டப்பாக்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூர்ப் பையன்கள் நாலு பேர் இதே ஆளிடம் ஜூலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்களாம். தம்பிகளா, இது கண்ணில் பட்டால் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். உங்கள் பிளானில் முதல் ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.