ரூட் கெனாலா, பல்கூழ் மீளாக்கமா?

ரூட் கெனால் இல்லாமலே செத்த பல்லைத் திரும்ப வளரவைக்க முடியுமா? முடியும், ஆனால் பெரும்பாலும் சிறுவர்களுக்குத்தான்.

8 வயதுப் பிள்ளை விழுந்து முன்பல்லில் அடிபட்டு, உள்ளிருக்கும் கூழ் (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான திசு) செத்துவிட்டது என்று வையுங்கள். அந்த வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது; நுனி திறந்திருக்கும், சுவர் மெலிதாக இருக்கும். ரூட் கெனால் செய்து, அதாவது செத்த கூழை எடுத்துவிட்டு உள்ளே அடைத்தால், வேர் அதோடு நின்றுவிடும். மீளாக்க முறையில் கிருமிகளை மருந்தால் அழித்து, நுனிக்கு அப்பாலிருந்து ரத்தத்தைக் கசியவிட்டு, அந்த உறைவின்மேல் எம்டிஏ என்ற பல் சிமெண்டை வைத்து மூடுவார்கள். பாங்க்ஸ், ட்ரோப் என்ற பல் மருத்துவ ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் விவரித்த வழி இது. பல பிள்ளைகளுக்கு வேர் நீள்கிறது, சுவரும் தடிக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் குறைகளும் உண்டு: பல்லின் நிறம் மாறலாம், பலமுறை போய்வர வேண்டும், உள்ளே வளர்வது அசல் கூழும் அல்ல.

40 வயதுக்காரருக்குக் கூழ் செத்திருந்தால்? ரூட் கெனால்தான், தயங்க வேண்டாம். கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் கிரௌனும் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) தேவைப்படும்.

சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேயில் வேர்நுனியைக் காட்டச் சொல்லுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இன்னொரு கருத்தும் கேட்கலாம்.