குளுக்கோசமைன் மாத்திரையும் எங்கள் கருப்பியின் இடுப்பு மூட்டும்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

நாய்களின் மூட்டு வலிக்கென்று கடைகளில் விற்கப்படும், குருத்தெலும்பில் இயல்பாக உள்ள குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் என்ற பொருள்கள் கலந்த சுவை மாத்திரையை, ஆவணி தொடங்கித் தை முடிய ஆறு மாதங்கள் எங்கள் வீட்டு லாப்ரடாருக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இந்த மாத்திரையால் அவளுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் நாங்கள் அளந்து பார்த்த வரையில் பயனும் தெரியவில்லை. அதே காலத்தின் பிற்பகுதியில் அவளுடைய நடை கண்கூடாகத் தேறியது, அந்தத் தேற்றம் வேறு காரியங்களால் வந்தது. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ இதே சேர்மானம் பல பெயர்களில் கடைக்கு வருவதால், புட்டியின் மேலுள்ள பெயரைவிட உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுவதே வாங்குபவர்களுக்கு உதவும்.

கருப்பிக்குப் பத்து வயது. கோவையில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில் சொரசொரப்பான சிமெண்ட் தரை இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாறி வந்த இந்த வீடு முழுவதும் வழவழப்பான டைல்ஸ். சென்ற ஆடி மாதத்தில் அவள் மொட்டை மாடிக்கு வருவதை நிறுத்தினாள். நான் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் முந்திக்கொண்டு ஓடுபவள், படிக்கட்டின் அடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வயதாகிவிட்டது, அதனால்தான் மந்தமாகிவிட்டாள் என்று வீட்டில் அனைவரும் நினைத்தோம். அந்த நினைப்புத்தான் எங்களுடைய முதல் தவறு.

மூட்டு வலி உள்ள நாய் பெரும்பாலும் கத்துவதோ அழுவதோ இல்லை. வலி அதன் அன்றாடப் பழக்கங்களில் சிறுசிறு மாற்றங்களாகவே வெளிப்படுகிறது. இப்போது திரும்பிப் பார்க்கையில், கருப்பியிடம் அப்படிப்பட்ட மாற்றங்கள் பல மாதங்களாகவே இருந்திருக்கின்றன என்பது புரிகிறது. தூங்கி எழும்போது முன்கால்களால் உடலை இழுத்து, பின்பாகத்தைத் தாமதமாகத் தூக்கினாள். பத்துப் பதினைந்து அடி நடந்த பிறகே அந்த விறைப்பு விட்டது. ஓடும்போது இரண்டு பின்கால்களையும் சேர்த்து முயலைப் போலத் தாவினாள். உட்காரும்போது வலது பின்காலை மடக்காமல் ஒரு பக்கமாக நீட்டிவைத்தாள். இடுப்புக்கு அருகே துண்டால் துடைத்தால் முகத்தைத் திருப்பி என் கையைப் பார்ப்பாள். உறுமமாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். வலது தொடை இடது தொடையைவிட மெலிந்திருந்ததைக் கைவைத்துத் தடவிப் பார்த்த பிறகே உணர்ந்தோம். பாரத்தைப் பின்கால்களிலிருந்து முன்கால்களுக்கு மாற்றிப் பழகிய நாய்க்குத் தொடை வற்றுவதும் தோள் பெருப்பதும் இயல்பு என்று பின்னர் மருத்துவர் விளக்கினார்.

ஆவணியில், மருத்துவரிடம் போகாமலேயே, செல்லப்பிராணிகளுக்கான பொருள்கள் விற்கும் ஒரு கடையில் கேட்டு இந்த மாத்திரையை வாங்கினோம். 60 மாத்திரைகள் கொண்ட புட்டியின் விலை 1,150 ரூபாய். கருப்பியின் எடைக்கு நாளொன்றுக்கு இரண்டு என்று அட்டையில் போட்டிருந்ததால் ஒரு புட்டி ஒரு மாதத்துக்கு வந்தது. மாத்திரை மெல்லத்தக்கது, இறைச்சி வாசனை உடையது, கையில் வைத்து நீட்டியதும் தின்றுவிடுவாள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஒரு நாளும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் மாத்திரைகள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொருளாக மட்டும் பார்த்தால் இதில் குறை சொல்ல இதைத் தவிர வேறொன்றும் இல்லை.

பயனை எப்படி அளப்பது என்பதுதான் கடினமான கேள்வி. கல்லூரியில் படிக்கும் என் மகள், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களின் நாட்பட்ட வலியை மதிப்பிடுவதற்கென உருவாக்கிய கேள்விப்பட்டியலை இணையத்திலிருந்து எடுத்து எங்களுக்காகத் தமிழில் எழுதித் தந்தாள். வலியின் கடுமை பற்றி நான்கு கேள்விகள், எழுதல், நடத்தல், ஓடுதல், படியேறுதல் போன்ற செயல்களுக்கு வலி எவ்வளவு இடையூறாக இருக்கிறது என்பது பற்றி ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கடைசியில் வாழ்க்கைத் தரம் பற்றிய பொதுவான ஒரு கேள்வி. இதை ஞாயிறுதோறும் நிரப்பினோம். கூடவே, அவள் நடப்பதைப் பின்புறமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தோம். முதியநாய் வைத்திருக்கும் எவரும் எந்த மருந்தையும் தொடங்குவதற்கு முன் இப்படி ஒரு பதிவைத் தொடங்கிவிட வேண்டும் என்பேன். மருந்து கொடுக்கும் கை நல்லதையே எதிர்பார்க்கும். எதிர்பார்ப்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். நொண்டும் நாய்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், கால் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்க, தரையில் பதித்த விசையளவி கால் ஊன்றுதலில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று காட்டியபோதும், வளர்ப்பவர்களில் பலர் நடை தேறிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கும் அது நேர்ந்தது. இரண்டாம் வாரத்தில் ‘இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறாள்’ என்று நானே என் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் இரண்டு வாரப் படங்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தபோது நடையில் எந்த வேறுபாடும் இல்லை.

ஆவணியும் புரட்டாசியும் மாத்திரை மட்டுமே கொடுத்தோம். வலியின் கடுமைக்கான சராசரி மதிப்பெண் முதல் வாரத்தில் 5. எட்டாவது வாரத்திலும் 5. ஐப்பசித் தொடக்கத்தில், ஒரு நாள் அவள் டைல்ஸ் தரையில் நான்கு கால்களும் விரிந்து விழுந்து, எழ முடியாமல் கிடந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளின் விளிம்பிலும் எலும்பு முள்போல வளர்ந்திருந்தது. பந்துகிண்ண மூட்டின் கிண்ணம் ஆழமின்றி இருந்தது. இது இளமையிலிருந்தே இருந்த அமைப்புக் குறை என்றும், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் மிகுதியாகக் காணப்படுவது என்றும், பரம்பரையாக வருவது என்றும் மருத்துவர் விளக்கினார். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. வலியைக் குறைத்து, தசையைக் காத்து, மூட்டின் மேலுள்ள பாரத்தைக் குறைப்பதுதான் சிகிச்சை. மாத்திரையை நம்பிக் காத்திருந்த அந்த இரண்டு மாதங்களும் அவள் தினமும் வலியோடு இருந்திருக்கிறாள் என்பதுதான் இந்தப் பொருளைப் பற்றி எனக்கு உள்ள உண்மையான வருத்தம். 2,300 ரூபாய் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருப்பதை இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டு, மெலாக்சிகாம் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தை எடைக்கேற்ற அளவில், உணவோடு கொடுக்கச் சொன்னார்கள். நான்காம் நாளே அவள் எழும் விதம் மாறியது. எட்டு வாரங்களாக அசையாத மதிப்பெண் பத்து நாளில் 5-லிருந்து 3-ஆக இறங்கியது. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. மருத்துவரிடம் போவதற்கு முதல் நாள் இரவு, வீட்டு மருந்துப் பெட்டியில் இருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று நாங்கள் பேசினோம், நல்லவேளையாகக் கொடுக்கவில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மனித வலிமருந்துகள் நாயின் குடலில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006-ஆம் ஆண்டு தடைசெய்தது வேறொரு காரணத்துக்காக: அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் இறந்த உடலைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதற்கு மாற்றாக அப்போது முன்வைக்கப்பட்டதும் இதே மெலாக்சிகாம்தான். எங்கள் ஊரிலிருந்து மலைப்பக்கம் போனால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் வட்டமிடுகின்றன என்பதால் இதை இங்கே நினைவுகூர்கிறேன்.

மருந்தைவிட மெதுவாக, ஆனால் ஆழமாக வேலை செய்தது எடைக்குறைப்பு. அப்போது கருப்பியின் எடை 36.4 கிலோ. விலா எலும்பைத் தொட்டு உணர வேண்டுமானால் கொழுப்பை அழுத்தித் தேட வேண்டியிருந்தது. அவள் இரண்டு வேளை உணவுக்கு மேல், காலையில் நெய்த்தோசையின் ஓரம், மாலைத் தேநீரோடு நான்கு பிஸ்கட், இரவில் மிஞ்சிய தயிர்சாதம் என்று மூன்று பேரிடமிருந்து தனித்தனியே வாங்கித் தின்றுகொண்டிருந்தாள் என்பதை ஒரு வாரம் எழுதிவைத்துப் பார்த்த பிறகே அறிந்தோம். சோற்றின் அளவைக் குறைத்து, வேகவைத்த கோழியையும் பூசணிக்காயையும் கூட்டி, பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரிக்காய்த் துண்டு கொடுத்தோம். இரு வாரங்களுக்கு ஒருமுறை தெருமுனை அரிசி மண்டியின் பெரிய தராசில் நிறுத்துவோம். அங்குள்ள பெரியவர் அவளுக்காகத் தட்டின் மேல் சாக்கு விரித்துவைப்பார். ஐந்து மாதங்களில் 31 கிலோவுக்கு வந்தாள்.

எடைக்கும் மூட்டுக்கும் உள்ள தொடர்புக்கு நீண்ட சான்று உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கிடைத்த உணவில் கால்பங்கு குறைத்து மற்றதற்கு வாழ்நாள் முழுவதும் கொடுத்து, செல்லப்பிராணி உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. குறைத்து உண்டவை இடைநிலைக் கணக்கில் 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு நீண்டகாலச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் அவற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. ஏற்கெனவே நோய் வந்துவிட்ட பருத்த நாய்களிலும்கூட, உடல் எடையில் 6 விழுக்காடு அளவு குறைந்தபோதே நொண்டல் குறைந்ததாகப் பிற்கால ஆய்வொன்று காட்டியது. எங்கள் பதிவிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு மதிப்பெண் இறங்கியது எடை குறைந்த மாதங்களில்தான். அதுவும் குளிரில் விறைப்பு கூடும் என்று பயந்திருந்த மார்கழியில்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்திலிருந்து சமையலறை வரையிலும், அவள் உணவுத்தட்டின் முன்னும், வாசலிலும் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட 2,600 ரூபாய் ஆனது. வழுக்கும் தரையில் நாய் ஒவ்வோர் அடியையும் தசையை இறுக்கியே வைக்கிறது. விரிப்புப் போட்ட அன்றே தலையை நிமிர்த்தி நடந்தாள். பாதத்தின் அடியில் விரல்களுக்கிடையே வளரும் முடியையும் நகத்தையும் மூன்று வாரத்துக்கொருமுறை வெட்டுகிறோம். நீண்ட ஒரே நடையை விட்டு, காலையும் மாலையும் இரவும் பதினைந்து நிமிடங்களாகப் பிரித்தோம். பந்து வீசுவதை நிறுத்திவிட்டோம். அதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் திடீரென நின்று திரும்பும் ஓட்டம் அந்த மூட்டுகளுக்கு ஆகாது. தடித்த பஞ்சு மெத்தை ஒன்றும் வாங்கினோம். நன்றாக இருக்கிறது, அதில் தூங்குகிறாள்.

மாத்திரைக்குத் திரும்புகிறேன். மாசி முதல் நாளிலிருந்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், நான் அதை நிறுத்தினேன். மெலாக்சிகாம், உணவு, நடை எதையும் மாற்றவில்லை. மகளும் கணவரும் வழக்கம்போல ஞாயிறுதோறும் மதிப்பெண் இட்டார்கள். ஆறு வாரங்கள் கழித்தும் எண் 2-இலேயே நின்றது. ஒரு நாயின் கணக்கைக் கொண்டு எல்லா நாய்களுக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதை அறிவேன். ஆனால் எங்கள் அனுபவம் தனித்ததும் அன்று. நாய், பூனைகளின் மூட்டு நோய்க்கான சத்துப்பொருள்களைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட தொகுப்பு, ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்கு வலிகுறைக்கும் திறன் தெளிவாகத் தெரிகிறது என்றும், குளுக்கோசமைன்–காண்ட்ராய்டினுக்கு அது இல்லை என்றும், பின்னதை மூட்டு வலிக்குப் பரிந்துரைப்பதையே கைவிடலாம் என்றும் கூறியது. ஆறு புட்டிகளுக்கு 6,900 ரூபாய் கொடுத்த பிறகே இதைப் படித்தேன்.

ஆகவே இந்த மாத்திரையை வாங்க எண்ணுபவர்களிடம், அந்தப் பணத்தில் முதலில் ஓர் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளும்படியும், மீதியில் ரப்பர் விரிப்பு வாங்கும்படியும் சொல்வேன். மருத்துவர் ஏற்கெனவே பரிந்துரைத்து, நாயும் நன்றாக இருக்குமானால், நான் எழுதியதை வைத்து அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். நாங்கள் இப்போது மருத்துவரின் இசைவோடு, வாரத்தில் மூன்று நாள் உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய, ஒமேகா-3 உள்ள மத்தி மீனை அவளுடைய உணவளவுக்குள்ளேயே கொடுக்கிறோம். மெலாக்சிகாமின் அளவும் பங்குனியில் குறைக்கப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனை தொடர்கிறது. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுக்குக் கதவு போட்டுவிட்டோம். துணி காயப்போட நான் ஏறும்போது கருப்பி அதன் முன்னால் விரிப்பின் மேல் அமர்கிறாள், இரண்டு பின்கால்களையும் மடக்கி, நேராக.