அண்டார்டிகாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். நூறு பேர் மட்டுமே போகும் சின்னக் கப்பல், பென்குவின் கூட்டத்துக்குப் பக்கத்தில் நடை, 11 நாள் அண்டார்டிகா. "டீச்சர், நீங்க போயிட்டு வந்தீங்களே, இவங்ககிட்ட பணம் கட்டலாமா?" என்று கேட்டிருந்தாள். என்னிடமும் என் தங்கையிடமும் பணம் வாங்கிய அதே ஏஜென்சியின் விளம்பரம் அது. வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணத்துக்கு யார் எந்த ஊரில் பணம் கட்டுவதாக இருந்தாலும் உதவும்.

நான் 31 வருடம் புவியியல் பாடம் நடத்தியவள். அண்டார்டிகாவின் வரைபடத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. தென் அமெரிக்காவைப் பார்த்து வால் மாதிரி நீளும் அந்தத் தீபகற்பத்தை ஒருமுறையாவது மிதித்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கி வைத்தேன். தங்கையும் வருவதாகச் சொன்னாள்.

விமானச் செலவு தனி. கப்பலுக்கு மட்டும் ஆளுக்கு 11 லட்சத்து 40 ஆயிரம். 2024 மே மாதம் 30 சதவீதம் முன்பணம், செப்டம்பர் 20ஆம் தேதி மீதி முழுவதும். புறப்பாடு 2025 ஜனவரி 12, அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில் உள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து. 114 பயணிகள் போகும் கப்பல் என்று சொல்லி, அதன் பெயர், படம், அறைகளின் வரைபடம் எல்லாம் அனுப்பினார்கள். விலை அதிகம் என்று தெரிந்தேதான் சம்மதித்தேன். ஏன் சம்மதித்தேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏமாற்று நடந்ததே அந்த இடத்தில்தான்.

அண்டார்டிகாவுக்கு ஆள் கூட்டிப்போகும் கப்பல் நிறுவனங்களுக்கு 1991இல் தொடங்கிய ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. சுருக்கமாக ஐஏஏடிஓ என்பார்கள். ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும், 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் ஆட்களைக் கரையில் இறக்கவே கூடாது என்பவை அங்கே நடைமுறையில் உள்ள விதிகள். 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல்களுக்கு அனுமதி இல்லாத கரைகளும் உண்டு. பறவைகளையும் பாசியையும் காப்பாற்ற வைத்த விதிகள். நல்ல விதிகள், எனக்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் பயணிக்கு இதன் பொருள் என்ன? 114 பேர் உள்ள கப்பலில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கிவிடலாம். மிச்சப் பேர் ஜோடியாக் என்கிற ரப்பர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் இடம் மாற்றிக்கொள்ளலாம். காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் வரை கிடைக்கும். 400 பேர் உள்ள கப்பலில் நான்கு, ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவையும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று இறக்கி ஏற்றுவார்கள். ஒரு இடத்தை முடிக்கவே பொழுது போய்விடும். அதனால்தான் சின்னக் கப்பலின் விலை அதிகம். அந்த விலையில் நாம் வாங்குவது கரையில் நிற்கும் நேரம்.

டிசம்பர் முதல் வாரம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்தக் கப்பல்ல இன்ஜின் ரிப்பேர். அதைவிடப் பெரிய, வசதியான கப்பல்ல இடம் போட்டிருக்கோம். அப்கிரேட், எக்ஸ்ட்ரா காசு வேண்டாம்." எத்தனை பயணிகள் என்று கேட்டேன். 430 என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். இந்தத் தேதியில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும், ரசீதின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். பொடி எழுத்தில் "குறிப்பிட்ட கப்பல் அல்லது அதற்கு இணையான கப்பல்" என்று இருந்தது. பணம் கட்டிய அன்று அந்த வரியை நான் படிக்கவில்லை.

தங்கை சொன்னாள், "அக்கா, இன்ஜின் ரிப்பேர்னா அவங்க என்ன செய்வாங்க, விடு, போயிட்டு வரலாம்." விமான டிக்கெட் எடுத்தாயிற்று. விசா வந்தாயிற்று. மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கிளம்பும் முன் இன்னொன்றும் தெரிந்தது. ஏஜென்சி எடுத்துக் கொடுத்த பயணக் காப்பீட்டில், அண்டார்டிகா நீங்கலாக என்று ஒரு வரி இருந்தது. அங்கே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் கப்பல் திரும்ப வேண்டும், இல்லை என்றால் கிங் ஜார்ஜ் தீவில் உள்ள ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் விமானத்தில் சிலேக்கு அனுப்ப வேண்டும். செலவு லட்சக்கணக்கில் ஆகும். 60 தாண்டிய இரண்டு பெண்களுக்குக் காப்பீடு எடுப்பவர்கள் போகும் இடத்தையாவது பார்த்திருக்க வேண்டாமா? நல்லவேளை, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே கண்ணில் பட்டது. வேறு பாலிசி எடுத்தோம்.

ஜனவரி 12 மதியம் உஷுவாயா துறைமுகப் பாலத்தில் நடந்து போகிறோம். பின்னால் பனி மூடிய மலைகள், முன்னால் பீகிள் கால்வாய். எங்கள் பெரிய கப்பலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் கட்டியிருந்தது. தங்கைதான் பெயரைப் படித்தாள். நாங்கள் பணம் கட்டிய அதே கப்பல். ஆட்கள் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏணிக்குக் கீழே நின்ற பணியாளரிடம் போய், ரிப்பேர் என்றார்களே என்று கேட்டேன். அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. நவம்பரிலிருந்து ஒரு பயணம்கூட நிற்கவில்லை என்றார். ஆறு மணிக்கு அந்தக் கப்பல் எங்கள் கண் முன்னால் கிளம்பிப் போனது. நான் மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாள். இதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் 11 நாள் என்று போட்டால் 11 நாளும் அண்டார்டிகா இல்லை. ஏறும் நாள் ஒன்று, இறங்கும் நாள் ஒன்று, போக இரண்டு, வர இரண்டு. மிஞ்சுவது ஐந்து நாள். இது எல்லாக் கப்பலுக்கும் பொது, இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஏஜென்சி இதை வாயைத் திறந்து சொல்லவே இல்லை.

கப்பல் ஊழியர்கள் மீது எனக்கு வருத்தம் துளியும் இல்லை. அருமையான மனிதர்கள். பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வைப்பார்கள், பையின் ஓரங்களில் ஒட்டிய விதைகளை உறிஞ்சி எடுப்பார்கள். பறவைக் காய்ச்சல் அங்கேயும் வந்துவிட்டதால் தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். குழு வரிசையையும் நாளுக்கு நாள் மாற்றி நியாயமாகத்தான் நடத்தினார்கள். 430 பேரை வைத்துக்கொண்டு அவர்களால் முடிந்தது அவ்வளவுதான்.

ஹாஃப் மூன் தீவில் 50 நிமிடம் கிடைத்தது. தாடையில் கறுப்புக் கோடு போட்ட சின்ஸ்ட்ராப் பென்குவின்கள் பாறை இடுக்குகளில் குஞ்சுகளோடு நின்றன. கரையில் பழைய திமிங்கில வேட்டைப் படகு ஒன்று மக்கிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே நிற்கும்போது, நேரம் முடிந்தது, படகுக்கு வாருங்கள் என்று வழிகாட்டி கூப்பிட்டுவிட்டார்.

நான்காம் குழு நாங்கள். நெக்கோ துறையை அடைந்த அன்று எங்கள் முறை மூன்றாம் குழுவுக்குப் பிறகு. முன்பு இறங்கியவை எல்லாம் தீவுகள். நெக்கோ அப்படி இல்லை, அது அண்டார்டிகாவின் பெருநிலம், கண்டத்தின் உடம்பு. காலையில் முதல் குழு இறங்கியது, அப்புறம் இரண்டாவது. நாங்கள் உடை மாட்டி, உயிர்காப்பு அங்கி கட்டி, கீழ்த்தளத்தில் படகு ஏறும் வாசலில் வரிசையில் நின்றோம். மூன்றாம் குழு கரையில் இருக்கும்போதே காற்று ஏறிவிட்டது. அவர்களைப் பாதியிலேயே திருப்பிக் கூட்டிவந்தார்கள். எங்களுக்கு ரத்து. காற்றை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 114 பேர் உள்ள கப்பலாக இருந்திருந்தால் காலை பத்து மணிக்கே எல்லோரும் இறங்கி ஏறியிருப்போம். கரை கண்ணுக்கு எதிரே இருந்தது. என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

ஐந்து நாளில் மூன்று முறை இறங்கினோம், மூன்றும் தீவுகள். மொத்தம் 2 மணி 35 நிமிடம். நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில், சாப்பாட்டு மேசையில் பிரேசிலைச் சேர்ந்த ஒரு தம்பதி அறிமுகமானார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கடைசி நேரத் தள்ளுபடியில் இதே வகை அறையை எடுத்தார்களாம். நம் பணத்தில் கணக்குப் போட்டால் ஆளுக்கு ஆறு லட்சத்துக்குள் வந்தது. எங்களுக்கு இடம் போட்டதும் அதே வாரம்தான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் சின்னக் கப்பலின் நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. எங்கள் பெயரில் அறை பிடித்து வைத்திருந்தார்களாம். முன்பணம் வந்திருக்கிறது, கெடு தேதிக்குள் மீதி வரவில்லை, இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை, அக்டோபர் 10 அன்று ரத்து செய்துவிட்டார்கள். நாங்கள் முழுப் பணமும் கட்டியது செப்டம்பர் 20. அந்தப் பணத்தை ஏஜென்சி வேறு எதற்கோ திருப்பிவிட்டு, டிசம்பரில் மலிவாகக் கிடைத்த இடத்தில் எங்களை ஏற்றி அனுப்பியிருக்கிறது.

வரியிலும் இதே கதை. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போதே டிசிஎஸ் என்று ஒரு வரியை ஏஜென்சி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அப்போதைய விதிப்படி 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஆளுக்கு 1,23,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். அது நம் பான் எண்ணில் வரவாகி, வருமானவரிக் கணக்கில் நமக்குத் திரும்ப வர வேண்டிய பணம். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலை எடுத்துப் பார்த்தால் முன்பணத்துக்கான 17,100 மட்டும் இருக்கிறது. மீதி 1,05,900 ரூபாய் வரவே இல்லை. கேட்டால் ஆடிட்டர் போடுவார் என்றார்கள். வரி பிடித்ததற்கான 27டி சான்றிதழ் கேட்டேன், அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதற்கு, "இணையான கப்பல்" வரியைக் காட்டிப் பதில் வந்தது. 114 பேர் கப்பலுக்கு 430 பேர் கப்பல் எப்படி இணையாகும் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்டிருக்கிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும், எங்கள் தொகைக்குக் கட்டணம் 1000 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஆலோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, கப்பல் நிறுவனத்தின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். துறைமுகத்தில் தங்கை எடுத்த அந்தச் சின்னக் கப்பலின் படமும் அதில் சேர்ந்திருக்கிறது.

என் மாணவிக்கு இப்படி எழுதினேன். முன்பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்திலிருந்து உன் பெயரும் அறை எண்ணும் போட்ட உறுதிக் கடிதத்தை வாங்கு, ஏஜென்சியின் லெட்டர்பேடில் வருவது வேண்டாம். அதில் உள்ள பதிவு எண்ணை வைத்து நிறுவனத்துக்கு நீயே எழுதிக் கேள். மீதிப் பணம் கட்டிய பத்தாம் நாள் மறுபடியும் எழுதி, பணம் வந்ததா என்று கேள். ரசீதில் "இணையான கப்பல்" என்று இருந்தால், பயணிகள் எண்ணிக்கை 200ஐத் தாண்டினால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அதன் கீழேயே எழுதி வாங்கு. கப்பலின் பெயர் ஐஏஏடிஓவின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறும் கப்பல் என்று பார். காப்பீட்டை நீயே எடு.

அவள் இதையெல்லாம் அப்படியே அந்த ஏஜென்சியிடம் கேட்டிருக்கிறாள். அதுவரை ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், நான்கு நாளாகியும் பதில் போடவில்லை என்று நேற்று எழுதியிருந்தாள்.