இறுக்கம் போய்விடும் என்றார்கள், போனது 68,500 ரூபாய்

சி.பி. (செரிப்ரல் பால்ஸி, மூளை பாதிப்பால் கை கால் அசைவு சிரமமாகிற நிலை) உள்ள குழந்தைக்கு வைப்ரேஷன் மெஷின் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பெற்றோர்கள் பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். கேஸ் போடப் போகிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஊர் ஊராகக் கல்யாண மண்டபம் பிடித்து, "சிறப்புக் குழந்தைகளுக்கு இலவச முகாம்" என்று நோட்டீஸ் அடித்து, கடைசியில் சாதனம் விற்கிற கூட்டம். இவ்வளவு போதும், பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்தவள், ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா. இரண்டு காலிலும் இறுக்கம், குதிகால் தரையில் படாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில்தான் நடப்பாள். காலையில் ஸ்பிளிண்ட் (பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் கவசம்) மாட்டும்போது என் மனைவி அவள் முழங்காலை மடக்கிப் பிடித்து, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், கால் வராது.

முகாமில் அந்தக் காலை ஒரு அதிர்வுத் தட்டின் மேல் வைத்தார்கள். சில நிமிடம்தான் ஓடியிருக்கும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினார். மடங்கியது! "இப்ப நிக்க வைங்க சார்" என்றார். நிறுத்தினோம். இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன. என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பில் புக்கை எடுத்தார்கள். "ஜெர்மன் டெக்னாலஜி சார், ஒரே மாசத்துல இறுக்கம் போயிடும், அப்புறம் ஸ்பிளிண்ட்டே வேண்டாம்." கூட்டுறவு வங்கியில் மனைவியின் செயினை வைத்துக் கட்டிய பணம் 68,500 ரூபாய்.

நான் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறவன். பெட்டியைப் பிரித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. முகாமில் காட்டியதற்குப் பெரிய தட்டு, இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி. வந்தது ஜிம்மில் தொப்பை குறைக்க ஏறி நிற்பார்களே, அந்தத் தட்டு. கம்பி கிடையாது. முகப்பில் சிரிக்கிற குழந்தைப் படம் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் ஒரு பெண்ணின் இடுப்பும் இன்ச் டேப்பும்! ரிமோட்டில் 1 முதல் 99 வரை எண் ஓடுகிறது, ஆனால் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று எங்கேயும் இல்லை. என் கடைக்கு வரும் பழைய மோட்டாரின் தகட்டில்கூட ஹெர்ட்ஸ் இருக்கும். குழந்தை ஏறி நிற்கிற மெஷினில் இல்லை.

இருந்தாலும் போட்டுப் பார்த்தோம். பிடிக்க ஒன்றும் இல்லாததால் மனைவி அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிற்க வேண்டியிருந்தது. "அப்பா, பல்லெல்லாம் கூசுது" என்றாள் பாப்பா. நிறுத்திவிட்டேன்.

போன் போட்டால் முதலில் "சார் டூர்ல இருக்காங்க." அப்புறம் "பாப்பா கோஆபரேட் பண்ணலையா?" அப்புறம் "90 நாள் விடாம பண்ணுங்க, பிறகு பேசலாம்." பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில், ஏழு நாளுக்கு மேல் திருப்பி எடுக்க மாட்டோம் என்றிருக்கிறது. 90 நாள் எதற்கு என்று இப்போது புரிகிறதா? ஒருநாள் கத்தினேன். "மெஷின் ஓடுதா இல்லையா சார்? ஓடுதுல்ல, அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?" என்று வைத்துவிட்டான். மறுநாள் வேறு ஒருத்தி கூப்பிட்டு, இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய மாடல் எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு 15,000 கழித்துக்கொள்கிறோம் என்கிறாள். 68,500-க்கு வாங்கிய பொருளுக்கு 15,000!

இதைவிடக் கொடுமை ஒன்று சொன்னார்கள். இறுக்கத்தைக் குறைக்க டாக்டர் எழுதிய பேக்லோஃபென் மாத்திரை கொடுப்பதால்தான் மெஷின் வேலை செய்யவில்லையாம், நிறுத்திவிட வேண்டுமாம். நாங்கள் நிறுத்தவில்லை, டாக்டரிடம் கேட்டோம். அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் இறுக்கம் முன்னைவிட ஏறும், வலிப்புகூட வரலாம் என்று கோபப்பட்டார். பாப்பாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. முகாமில் ஒருவரும் அதைக் கேட்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்து (வளர்ச்சிக் குறைபாட்டைச் சின்ன வயதிலேயே கண்டு சிகிச்சை தருகிற இடம்) பிசியோ மேடம்தான் விஷயத்தை விளக்கினார். "அண்ணே, வைப்ரேஷன் தெரபி பொய்யில்லை. முகாம்ல நீங்க பார்த்ததும் நிஜம். ஆனா அந்தத் தளர்வு கொஞ்ச நேரந்தான் நிக்கும்" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தசையை நீட்டி, நிற்க வைத்து, நடக்கப் பழக்க வேண்டும். அதுதான் சிகிச்சையாம், தட்டு வெறும் துணை. 2010-ல் கனடாவின் மாண்ட்ரியாலில் 20 குழந்தைகளை வைத்து ஆறு மாதம் செய்த ஆய்வில் நடைவேகம் கூடியிருக்கிறது. ஆனால் அது இடதும் வலதும் மாறி மாறி ஏறி இறங்குகிற தட்டு, அளந்து வைத்த ஹெர்ட்ஸ், பக்கத்தில் தெரபிஸ்ட். இதுபோன்ற ஆய்வுகள் எல்லாமே சிறியவை, இறுக்கத்தை நிரந்தரமாகப் போக்கும் என்று எதுவும் நிரூபிக்கவில்லை என்றார். முழங்கால் விறைப்பாக இருந்தால் அதிர்வு தலை வரை ஏறுமாம், மடங்கி இருந்தால்தான் கால் அதை வாங்கிக்கொள்ளும். பல் கூசியது அதனால்தான். பாப்பாவின் இறுக்கத்தை அஷ்வொர்த் அளவில் (தசை இறுக்கத்துக்கு எண் போடுகிற முறை) மறுபடி பார்த்தார். முன்பு இருந்த அதே 2.

அதாவது, உண்மையான ஒன்றைக் காட்டி, வேறு ஒன்றை விற்றிருக்கிறார்கள். என்னால் தாங்க முடியாதது இதுதான். அந்த 68,500-ல் வளர்ந்த காலுக்குப் புது ஸ்பிளிண்ட் ஜோடியும் மாதக்கணக்கில் தெரபியும் முடிந்திருக்கும்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தெரபிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். முகாமில் கால் தளர்வதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், அடுத்த நாள் காலையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வலிப்பு உண்டா, இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்காதவனிடம் எதையும் வாங்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு திண்டுக்கல் பக்கம் இதே கூட்டம் முகாம் போடுகிறது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.